மூன்றாம் வளைவில் கொள்ளு வாசனை

வண்டி நின்றதும் முதலில் இறங்கியவர் முதலாளி வீட்டு அம்மாதான். மடியில் வைத்திருந்த பழத்தட்டை சீட்டிலேயே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரோட்டோரக் கல் ஒன்றில் போய் உட்கார்ந்தார்.

நான் பானெட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கக் கூடாது. நனைத்த சாக்கை அதன்மேல் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். உள்ளே தண்ணீர் கடபுடவென்று உருண்டது.

முதலாளி மட்டும் இறங்கவில்லை. பின் சீட்டில் பட்டு வேட்டி கசங்காமல், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து அப்படியே இருந்தார்.

"இதே எடந்தானே?" என்றார்.

"ஆமாங்க. மூணாவது வளைவு."

"போன வாட்டியும் இங்கதான். அதுக்கு முந்தின வாட்டியும் இங்கதான்." முன்னால் எழும் ஆவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "போவ வேணாம்னு வண்டியே சொல்லுது முருகேசா. அவ்ளோதான். திருப்பு."

கல்லில் இருந்த அம்மா தலையைத் திருப்பாமலே பேசினார்: "வண்டிக்கு வாய் மொளைச்சிருச்சு. மனுசனுக்குத்தான் இன்னும் மொளைக்கல."

கீழே கோமுகி அணைத் தண்ணீர் தகடு போல மின்னியது. கச்சிராயபாளையத்துக் கரும்புக் காடுகள் பச்சைக் கட்டமாய்த் தெரிந்தன. மேலே வெள்ளிமலை வரை ஏற்றம். அந்த ஏற்றத்தின் முடிவில் அவர்கள் பெற்ற ஒரே மகள் இருந்தாள்.

எனக்கு அப்போது வேறு ஒரு நினைப்பு ஓடியது. எங்கிருந்தோ கொள்ளு வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். வீடு இல்லை, புகை இல்லை, ஒரு மாட்டுக் கொட்டகைகூட இல்லை. காலையிலிருந்து சாப்பிடாத வயிறு. அதுதான் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கப்பல்

சேலத்து லாரி ஷெட்டிலிருந்து நான் கிளம்பி வந்ததை இந்தத் தொடரில் போன வாரம் சொல்லியிருந்தேன். கால் போன போக்கில் ஆத்தூர், சின்னசேலம் என்று வந்து, கள்ளக்குறிச்சியில் கால் ஓய்ந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டல்களில் மாவாட்டி, லாரியில் கிளீனராகி, கடைசியில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றிருந்தேன். கையில் லைசென்ஸ் இருந்தது. தலைக்கு மேல் கூரை இல்லை.

தியாகதுருகம் சாலையில் நிலம் வைத்திருந்த துரைசாமி முதலாளிக்கு ஒரு டிரைவர் தேவைப்பட்டது. போய் நின்றேன். "எங்க தங்குவே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்போ வண்டியிலியே படுத்துக்கோ. உள்ள ஒரு குடும்பமே படுக்கலாம்" என்றார்.

பொய் இல்லை. அது அமெரிக்காவில் செய்த வண்டி. எங்கோ ஓர் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஆசைக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, போகும்போது விட்டுப் போனதாம். இரண்டு கைமாறி முதலாளியிடம் வந்தது. அந்த ஊரில் இளவட்டங்கள் பந்தயம் விடுகிற ஜாதி வண்டி என்று மெக்கானிக் பாஷா பாய் சொல்லுவார். எட்டு சிலிண்டர். கிளப்பினால் எருமைக் கூட்டம் ஒன்றாய்ச் செருமுகிற மாதிரி இருக்கும். நீண்ட மூக்கு, அகன்ற டயர், தரையோடு தரையாய் உடம்பு. ஊரில் அதற்குக் கப்பல் என்றே பெயர்.

அதன் பின் சீட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். மழை ஒழுகாது. கால் நீட்டலாம். காலையில் கண்ணாடியை இறக்கினால் அம்மா ஒரு சொம்பு நீராகாரத்தை ஜன்னல் வழியாகவே நீட்டுவார். பெற்றவர்களை விட்டு ஓடி வந்தவனுக்கு அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குப் போதுமான படிப்பு இல்லை. அந்த வண்டிக்கும் அந்தச் சொம்புக்கும் இந்த வாரத்தை எழுதி வைக்கிறேன்.

மலைக்குப் போன மகள்

முதலாளியின் மகள் செல்வி டீச்சருக்குப் படித்தவர். வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். அங்கே உடன் வேலை பார்த்த மலைக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டார்.

முதலாளி சத்தம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை, சொத்து கிடையாது என்று அறிக்கை விடவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அம்மா அதைத்தான் பெரிய கொடுமை என்பார். "திட்டியிருந்தா கூட ஒரு பேச்சு. கல்லு மாதிரி குந்திக்கினு இருந்தா இன்னா பண்றது?"

பிறகு பேரன் பிறந்தான். கல் அசைந்தது. குழந்தை பிறந்த சேதிக்கு ஒரு தடவை கிளம்பினோம். மூன்றாம் வளைவில் வண்டி கொதித்தது. அடுத்த மாசியில் மறுபடி கிளம்பினோம். அதே வளைவு, அதே கொதிப்பு. திருப்பிக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டார்.

"பொண்ணு வூட்டுக்கு மொத மொதல்ல போறேன். மூட்டைங்க மேல குந்திக்கினு பஸ்லயா போவேன்?" என்றார் முதலாளி.

"மூட்டை மேல குந்தினா பேரன் மூஞ்சி தெரியாதா?"

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இப்போது நினைக்கும்போது, அவருக்குப் போகவும் ஆசை இருந்தது, போய் நிற்கப் பயமும் இருந்தது என்று தெரிகிறது. வண்டி கொதிக்கும்போதெல்லாம் அந்தப் பயத்துக்கு ஒரு தெய்வ வாக்கு கிடைத்துவிடும்.

இந்த முறை சேதி வேறு மாதிரி வந்தது. புளி வாங்க மலைக்குப் போய்வந்த வியாபாரி ஒருவர் சொன்னார். பங்குனியில் பையனுக்குக் காது குத்துகிறார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் பக்கம் காது குத்துவது. செல்விக்கு அண்ணன் தம்பி கிடையாது. "எங்க அப்பா மடியிலதான் குத்தணும். அவரு வரலேன்னா குத்த வேணாம், புள்ள வெறுங்காதோடவே இருக்கட்டும்" என்று செல்வி சொல்லியனுப்பியிருந்தார்.

வருகிறேன் என்று நேரில் சொல்லத்தான் அன்றைக்குப் பழத்தட்டோடு கிளம்பினோம். அதுதான் மூன்றாம் வளைவோடு முடிந்தது. காதுகுத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

பாஷா பாயின் வைத்தியம்

பாஷா பாய் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கள்ளக்குறிச்சியில் அந்த வண்டியைத் தொடத் துணிந்தவர் அவர் ஒருத்தர்தான். பழுதானால் மாற்ற ஒரு திருகாணிகூட இந்தப் பக்கம் கிடைக்காது.

ஒரு வருஷமாய் அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் கலக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார், வரவில்லை. "ஹெட் கேஸ்கட் நல்லா இருக்குது" என்றார். வாட்டர் பம்ப்பைப் பிரித்துப் பூட்டினார். ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். சூட்டுக்குத் திறந்து மூடும் வால்வை வெந்நீரில் போட்டுப் பார்த்தார், திறந்தது.

ரேடியேட்டரைக் கழற்ற மட்டும் பயந்தார். துருப்பிடித்த நட்டு, உடைந்தால் அதோடு போச்சு. அதனால் அப்படியே வைத்துச் சோடா உப்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி அலசிவிட்டார். முன்னால் இருந்து கிரில் வழியாகவும் எட்டிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

"தண்ணி ஓடுது, பம்ப் தள்ளுது, ஆயில் சுத்தமா இருக்குது. ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் ஆவறதில்ல. மலை ஏறினா மட்டும் கொதிக்குது. இன்னா கோவம்பா அதுக்கு மலை மேல?" என்று கையைத் துடைத்தார்.

நாங்கள் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி மிதிப்பு

திரும்பி வந்த மறுநாள் காலை முதலாளி ஜன்னல் பக்கம் வந்து நின்றார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். மலைப் பேச்சும் இனிமே வேணாம். கொள்ளு காயுது பாரு, கடைசியா ஒரு வாட்டி மிதிச்சு வுட்டுடு."

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடையும். பிறகு பெண்கள் கூட்டிப் பெருக்கி, முறத்தில் புடைத்துப் பொட்டு என்கிற தோல்தூளைப் பிரிப்பார்கள். முதலாளிக்கு மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. கப்பல் இருந்தது. நல்ல கனம், அகன்ற டயர். மாசி வந்தால் நான் அதைச் செடிமேல் முன்னும் பின்னுமாய் ஊர்ந்து ஓட்டுவேன். எங்கள் கொள்ளு முடிந்தால் அடுத்தவர் கொள்ளு. ஊரே எங்கள் வண்டிக்குச் செடியை ஒதுக்கி வைக்கும். முதலாளிக்கு அதில் பெருமை.

அன்றும் ஓட்டினேன். சருகு நெறுநெறுவென்று உடைந்தது. ரோட்டோரமாய்க் கூலிக்கு வந்திருந்த பெண்கள் முறத்தோடு நின்றார்கள். அவர்களில் அஞ்சலை வாய் துடுக்கு.

"யோவ் டிரைவரே, மெதுவா போய்யா. பொட்டெல்லாம் மூஞ்சிக்கு வருது!"

"எம் மூஞ்சிக்கு வரலியே," என்றேன்.

"ஒனக்கு எப்பிடி வரும்? எல்லாத்தையும் ஒன் கப்பலுதான் உறிஞ்சிக்குதே. குனிஞ்சி பாரு, அடியில எப்பிடி இழுக்குதுன்னு."

அவள் விளையாட்டாய்த்தான் சொன்னாள். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். முன் டயர் உடைத்த பொட்டும் தூசியும் பறந்து போகவில்லை. பம்பருக்கு அடியில் புகுந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அதே நேரம் காற்று திரும்பியது. ரோட்டோர அடுப்பில் கூலியாட்களுக்கு ஒரு பானை கொள்ளு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது.

நேற்று மூன்றாம் வளைவில் வந்த வாசனை அதேதான். போன மாசியிலும் வந்திருந்தது, அப்போதும் என் வயிறுதான் என்று நினைத்திருந்தேன். ஓட்டல் அடுப்படிகளில் வளர்ந்தவன் நான். ஒரு வாசனையை இன்னொன்றாய் எண்ணிக் குழம்ப மாட்டேன். மலையில் யாரும் கொள்ளு அவிக்கவில்லை. வண்டிதான் அவித்திருக்கிறது.

வண்டியைச் செடி நடுவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ரோட்டில் மல்லாந்து படுத்தேன்.

"இன்னாய்யா, மயக்கமா? கஞ்சி குடிச்சியா இல்லியா?" என்று அஞ்சலை ஓடி வந்தாள்.

தட்டிக்குப் பின்னால் தட்டி

பம்பருக்கு அடியிலிருந்து பார்த்ததும் விஷயம் தெரிந்தது. அது குளிர்காற்று வரும் வண்டி. அந்த மிஷின் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆனால் அதற்கான சல்லடைத் தட்டி முன்னால் அப்படியே இருந்தது. கிரில் வழியாகப் பளிச்சென்று நாங்கள் பார்த்ததெல்லாம் அதைத்தான். உண்மையான ரேடியேட்டர் நாலு விரல் இடைவெளி விட்டு அதன் பின்னால் இருந்தது. அந்த நாலு விரலில்தான், அடியிலிருந்து ஏறிய பொட்டு அடைந்திருந்தது. பாஷா பாய் ஊற்றி வழிந்த சோடாத் தண்ணீர் அதைக் களிபோல் இறுக்கிவிட்டிருந்தது. தண்ணீருக்குக் குறையே இல்லை. அதை ஆற்றக் காற்றுதான் போகவில்லை.

பாஷா பாய்க்கு ஆள் அனுப்பினேன். சைக்கிளில் வந்து, நான் காட்டிய இடத்தில் கையை விட்டுப் பார்த்தார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டேய் முருகேசா, நான் வருசமெல்லாம் இதுக்கு நாடி புடிச்சிக்கினு இருக்கேன். இதுக்கு மூக்கடைப்புடா!"

செத்த மிஷினின் தட்டி யாருக்கும் வேண்டாம். அதை அறுத்து எடுத்தோம். பின்னால் பொட்டு ஒரு வரட்டி போலப் பெயர்ந்து வந்தது. கீழ் மூலையில், தண்ணீர் கசியும் இடத்தில், நாலைந்து கொள்ளு முளைவிட்டிருந்தது.

அஞ்சலை முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "வருசா வருசம் எங்க கூலிக் கொள்ளு கம்மியா வருதேன்னு பார்த்தேன். கப்பலு துன்னுட்டு இருக்குது."

மிச்சம் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே இருந்தது. கத்தி விட்டால் தகடு கிழியும். அஞ்சலை தென்னந்துடைப்பத்தைப் பிரித்துப் போட்டாள். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு இடுக்காய்க் குத்தித் தள்ள வேண்டியதுதான். கூலிப் பெண்கள் முறத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. டீச்சரம்மா மகனுக்குக் காதுகுத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு பம்பர் முன்னால் குந்தினார். அவர் கூலியாட்களோடு ஒரே வரிசையில் குந்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"இது எங்கொள்ளுதானா?" என்று கேட்டார்.

"ஒங்களுதும் இருக்கும், ஊராருதும் இருக்கும்ங்க."

"மொத வாட்டி போனமே, அப்பவே இருந்திருக்குமா?"

"அதுவும் மாசி மாசந்தாங்க. இருந்திருக்கும்."

பொழுது சாயும்வரை குத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயை இன்ஜின் பக்கமிருந்து பிடித்து அடித்தோம். முன்பக்கம் பழுப்புத் தண்ணீராய் ஊற்றியது, பிறகு தெளிந்தது. சாய்ந்த வெயில் ரேடியேட்டரின் இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாய் இன்ஜின்மேல் விழுந்தது. பாஷா பாய் மட்டும் "அல்லா" என்றார்.

ஏற்றம்

காதுகுத்து அன்று விடியலிலேயே கிளம்பினோம். அம்மா பழத்தட்டோடு சின்னத் தோடு ஒரு ஜோடியும் வைத்திருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது. சூடு காட்டும் முள் நடுவில் நின்றது, நின்றபடியே இருந்தது.

மூன்றாவது வளைவில் முதலாளி, "நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். வண்டி சீராய்ச் செருமிக்கொண்டிருந்தது. ஆவி இல்லை, வாசனை இல்லை.

"முள்ளு ஏறுதா?"

"இல்லீங்க."

"நல்லா பாரு."

"நல்லாதான் பார்க்கறேன் முதலாளி. ஏறல."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. முள் ஏறியிருக்கக் கூடாதா என்று தேடுகிற முகம். மூன்று முறையும் அவருக்குப் பதிலாக வண்டி சொல்லிவிட்டது. இந்த முறை அவரே சொல்ல வேண்டும்.

அம்மா அன்றைக்குக் குத்திப் பேசவில்லை. பழத்தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, "இத நீங்க புடிங்க, எனுக்குக் கை வலிக்குது" என்றார் அவ்வளவுதான்.

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே ஏற்றத்தைப் பார்த்து, "போப்பா" என்றார். அதுவரை என்னை அவர் அப்பா போட்டுக் கூப்பிட்டதில்லை.

மேலே காற்று குளிர்ந்தது. பலாவும் புளியும் ரோட்டுக்கு மேல் கவிந்தன. ஊர் எல்லைத் திருப்பத்தில் ஒரு பெண் ரோட்டோரமாய் நின்றுகொண்டிருந்தார். காலடியில் வரிசையாய்த் தண்ணீர்க் குடங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். செல்விதான்.

கப்பல் மூன்றாம் வளைவு வரை வந்து கொதித்துத் திரும்பும் கதையை மலை ஏறி வருபவர்கள் ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே வரை வந்துவிட்டால் தண்ணீர் இல்லையென்று அப்பா திரும்பிவிடக் கூடாது என்று, வரும் நாள் தெரிந்தபோதெல்லாம் குடங்களை நிரப்பிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். இதைப் பிற்பாடு அவர் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

அப்போது செல்வி யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராய் பானெட்டுக்குப் போய், "அண்ணா, மூடியத் தொறங்க. வண்டிக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்றார்.

முதலாளி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பெண் கொடுத்த வீட்டில், அதுவும் தம் சம்மதம் இல்லாமல் பெண் போன வீட்டில், பச்சைத் தண்ணீர் தொடாத மனிதர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவரும் அப்படித்தான் வாழ்ந்தவர்.

"வண்டிக்கு வேணாம்மா," என்றார். "எனக்குக் குடு."

சொம்பு கொண்டுவரச் செல்விக்கு நினைவில்லை. முதலாளி குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். மகள் குடத்தைச் சாய்த்தார். பட்டு வேட்டியெல்லாம் நனைய, போதும் என்று சொல்லாமல், அவர் குடித்துக்கொண்டே இருந்தார்.